1937: சேலத்தில் ஒரு சட்டம், அமெரிக்காவில் ஒரு ரப்பர் ஆலை

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி தம் சொந்த மாவட்டத்திலிருந்தே தொடங்கினார். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் இருந்தபோதே மதுவிலக்குக்கென்று 'விமோசனம்' பத்திரிகை நடத்தியவர் அவர். கள்ளு, சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். பிற்பாடு குடி திரும்பி வந்துவிட்டது; வரியும் போகவில்லை!

அதே 1937-இல் அமெரிக்காவில் வில்லியம்ஸ் என்ற ஆலை மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்து எழுதினார். ரப்பருக்கான ஒரு ரசாயனத்தோடு புழங்கிய தொழிலாளிகள், கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடியையே விட்டுவிட்டார்களாம்.

காரணம் இதுதான். சாராயத்தை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாற்றுகிறது; பிறகு அதையும் உடைத்துத் தீங்கற்றதாக்குகிறது. அந்த ரசாயனம் இரண்டாவது படியை அடைத்துவிடும். நஞ்சு உடம்பில் தேங்கிவிடும்.

டென்மார்க்கில் ஹால்ட், யாகப்சன் என்ற இருவர், அதே வகைப் பொருளான டைசல்பிராமை வயிற்றுப் பூச்சி மருந்தாகச் சோதிக்கத் தாங்களே விழுங்கினார்கள். பிறகு மது அருந்தியதும் உடம்பு படாத பாடு பட்டது. 1948-இல் அதைக் குடி நிறுத்தும் மருந்தாக உலகுக்கு அறிவித்தார்கள். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்ததும் அதே 1948-இல்தான்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, குடித்த மறுநாள் அவஸ்தைக்கு அவர்கள் வைத்த பெயர் நினைவிருக்கிறது: 'கேல் தெ புவா', அதாவது மர வாய். நம் ஊரில் அதற்கு மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர். தாகம் தணியும், தெம்பு வரும். ஆனால் ஈரலின் வேலையை இவை எதுவும் விரைவுபடுத்தாது.

1955-இல் வந்த லிவ் 52 மாத்திரையை அறியாத வீடு குறைவு. "முதலில் இரண்டு போட்டுக்கொண்டால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடியால் ஈரல் கெட்டவர்களுக்கு இலங்கையில் ஆறு மாதம் அதைக் கொடுத்துச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

குடியின் கெடுதலைக் கழுவுவதாகச் சொல்பவை பல. குடிகாரருக்குப் பயன்பட்டதோ குடியை இன்னும் கசப்பாக்கிய மாத்திரைதான். அதுவும், விட வேண்டும் என்ற மனம் உள்ளவருக்கு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரங்களை நம்பி, மனம் நொந்த தாய்மார்கள் பொடி வாங்குகிறார்கள். அதில் டைசல்பிராம் இருந்து, அவர் அன்றிரவு வழக்கம்போல் குடித்துவிட்டு வந்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நம் பெண்களின் கண்ணீரைத் துடைக்கவென்று வந்தது சேலத்துச் சட்டம். அந்தக் கண்ணீரைக் காசாக்கும் பொடியை வாங்காதீர்கள், அவரையே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.