ஆல்பர்ட் குட்முண்ட்சன்

ஆல்பர்ட் குட்முண்ட்சன் (5 அக்டோபர் 1923 – 7 ஏப்ரல் 1994) ஐஸ்லாந்து நாட்டின் முதல் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர். பின்னாளில் அந்நாட்டின் நிதியமைச்சராகவும் தொழில்துறை அமைச்சராகவும் இருந்தவர். ஆட்டம், பயிற்சி, வணிகம், விளையாட்டு நிர்வாகம், மாநகர மன்றம், நாடாளுமன்றம் எனப் படிப்படியாக அமைந்தது இவரது அரசியல் பாதை. ஐஸ்லாந்தில் இரண்டாம் பெயர் பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பதால், எவரையும் முதற்பெயரால் சுட்டுவதே அங்கு வழக்கம். இக்கட்டுரையும் அவ்வாறே சுட்டுகிறது.

ஆட்ட வாழ்க்கை

ரெய்க்யவிக் நகரில் பிறந்த ஆல்பர்ட், அந்நகரின் வலூர் கழகத்தில் ஆடத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் வணிகக் கல்விக்காக கிளாஸ்கோ சென்றபோது ரேஞ்சர்ஸ் அணியில் இடம் கிடைத்தது. 1946இல் லண்டனின் ஆர்சனல் அணிக்கு இரண்டு லீக் ஆட்டங்கள் ஆடினார். வெளிநாட்டினர் இங்கிலாந்தில் ஊதியம் பெற்று ஆடுவதற்கு அப்போது கடும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் அங்கு அவர் ஊதியமில்லா அமெச்சூர் ஆட்டக்காரராகவே இருக்க முடிந்தது.

தொழில்முறை வாய்ப்பு பிரான்சில் அமைந்தது. 1947இல் நான்சி கழகத்தில் முன்கள ஆட்டக்காரராகச் சேர்ந்தவர், அடுத்த ஆண்டு இத்தாலியின் ஏ.சி. மிலான் அணிக்குச் சென்று, இத்தாலிய முதல்நிலை லீக்கில் ஆடிய முதல் ஐஸ்லாந்தியர் ஆனார். முழங்கால் காயத்தால் அங்கு ஒரு பருவத்துக்கு மேல் நிலைக்கவில்லை. மீண்டும் பிரான்சுக்கு வந்து ரேசிங் பாரிஸ் அணியில் சேர்ந்தார். அந்த அணி 1950 பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் ரெய்ம்ஸ் அணியிடம் தோற்றது. பின்னர் நீஸ் கழகத்துக்கும் ஆடினார்.

1946 ஜூலையில் டென்மார்க்குக்கு எதிராக ஐஸ்லாந்து ஆடிய முதல் பன்னாட்டு ஆட்டத்தில் இவரும் களமிறங்கினார். அதில் ஐஸ்லாந்து 0–3 எனத் தோற்றது. மறு ஆண்டு நார்வேக்கு எதிராக 2–4 எனத் தோற்ற ஆட்டத்தில் நாட்டின் முதல் பன்னாட்டு கோலை அடித்தார். பெரும்பாலும் வெளிநாட்டிலேயே ஆடியதால் தேசிய அணிக்கு ஆறு ஆட்டங்களே ஆட முடிந்தது.

பயிற்சியும் நிர்வாகமும்

1950களின் நடுப்பகுதியில் நாடு திரும்பியவர், ஹாப்னார்பியோர்தூர் நகர அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தார். அக்காலத்தில் அந்த அணி முதல் பிரிவுக்கு உயர்ந்தது. கூடவே இறக்குமதி மொத்த வணிகமும் நடத்தினார். கோபன்ஹேகனில் டென்மார்க்கிடம் தேசிய அணி 2–14 எனத் தோற்றது 1967இல். அதற்கு அடுத்த ஆண்டு ஐஸ்லாந்து கால்பந்துச் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்று 1973 வரை அப்பதவியில் இருந்தார்.

அரசியல்

வலதுசாரி சுதந்திரக் கட்சியின் சார்பில் 1970 முதல் 1986 வரை ரெய்க்யவிக் மாநகர மன்றத்திலும், 1974 முதல் 1989 வரை ஆல்திங்கி எனப்படும் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். வேலை, வீடு, கடன் என்று குறையோடு வருபவர்களை நேரில் சந்தித்துக் காரியம் முடித்துக் கொடுப்பவர் என்று பெயரெடுத்தார். ஆதரவாளர்கள் இவரை எளியவரின் நண்பர் என்றனர். எதிர்ப்பாளர்கள் இதைச் சலுகை அரசியல் என்றனர். கட்சிக் கொள்கையைவிடத் தனிமனிதப் பற்றையே நம்பிய இந்த முறைதான் அவரது பலமும் பலவீனமும்.

1980 குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளுடன் மூன்றாமிடம் பெற்றார். வென்றவர் விக்டிஸ் பின்பொகாடோட்டிர். 1983 தேர்தலுக்கான உட்கட்சி வேட்பாளர் தேர்வில், ரெய்க்யவிக்கில், கட்சித் தலைவர் கெய்ர் ஹால்கிரிம்சனையே பின்தள்ளி முதலிடம் பிடித்தார்.

அமைச்சர் பொறுப்பு

1983 மே மாதம் ஸ்டெய்ங்ரிமூர் ஹெர்மான்சன் தலைமையில் அமைந்த கூட்டணி அரசில் நிதியமைச்சரானார். அவ்வாண்டு விலைவாசி உயர்வு 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. விலைவாசிக்கேற்ப ஊதியம் தானாக உயரும் முறையை அரசு நிறுத்தியதால் உழைப்போரின் வாங்கும் திறன் சரிந்தது. 1984 அக்டோபரில் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ நான்கு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசுத் தரப்பின் பொறுப்பு நிதியமைச்சரான ஆல்பர்ட்டிடமே இருந்தது. ஊதிய உயர்வுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் அடுத்த மாதமே நாணயமான குரோனாவின் மதிப்பு குறைக்கப்பட்டதால், அந்த உயர்வின் பெரும்பகுதியை விலைவாசி விழுங்கியது.

அதே ஆண்டு அவரது வளர்ப்பு நாய் லூசி வெளிநாட்டுச் செய்தித்தாள்களிலும் இடம்பெற்றது. ரெய்க்யவிக்கில் 1924 முதல் நாய் வளர்க்கத் தடை இருந்தது. தடையை மீறியதாக அமைச்சர் மீதே புகார் எழ, நாயை விடுவதைவிட நாட்டை விட்டுப் போவேன் என்ற பொருளில் அவர் பேசினார். 1984இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது.

பதவி விலகலும் புதிய கட்சியும்

1985 அக்டோபரில் தொழில்துறைக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு இறுதியில், அவர் முன்பு இயக்குநர் குழுத் தலைவராக இருந்த ஹாப்ஸ்கிப் என்ற கப்பல் நிறுவனம் திவாலானது. அந்நிறுவனத்திடமிருந்து பெற்ற தொகைகளை வரிக் கணக்கில் காட்டவில்லை என்பது வெளிவந்ததும், கட்சித் தலைவர் தோர்ஸ்டெய்ன் பால்சனின் வற்புறுத்தலால் 1987 மார்ச்சில் பதவி விலகினார்.

உடனே குடிமக்கள் கட்சியைத் தொடங்கினார். ஒரு மாதத்தில் நடந்த தேர்தலில் அக்கட்சி 10.9 விழுக்காடு வாக்குகளையும் 63 இடங்களில் ஏழையும் பெற்றது. முந்தைய தேர்தலில் 38.7 விழுக்காடு பெற்றிருந்த சுதந்திரக் கட்சி 27.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனால் புதிய கட்சியை இணைத்து வைத்தது அவரது செல்வாக்குதான். 1989இல் அவர் பிரான்சுக்கான தூதராகச் சென்றதும் கட்சி பிளவுபட்டு, சில ஆண்டுகளில் மறைந்தது. 1993 வரை பாரிசில் பணியாற்றினார்.

குடும்பமும் நினைவும்

மகன் இங்கி பியோர்ன் ஆல்பர்ட்சனும் கால்பந்து ஆட்டக்காரர். 1987இல் தந்தையின் கட்சி சார்பில் நாடாளுமன்றம் சென்றவர். கொள்ளுப்பேரன் ஆல்பர்ட் குட்முண்ட்சன் ஐஸ்லாந்து தேசிய அணிக்கும், இத்தாலியில் ஜெனோவா, பியோரெண்டினா கழகங்களுக்கும் ஆடியவர். ரெய்க்யவிக்கில் கால்பந்துச் சங்கத் தலைமையகத்தின் முன் ஆல்பர்ட்டின் சிலை உள்ளது.