தங்கவயலும் ஒரு ஜெர்மன் சொல்லும்

ஃபிராங்க்ஃபர்ட் வந்த புதிதில் ஜெர்மன் வகுப்பில் 'பெர்க்பாவ்' என்றொரு சொல் வந்தது. சுரங்கத் தொழில் என்று அர்த்தம். பெர்க் என்றால் மலை. பாவ் என்றால் கட்டுவது, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். பி.காம். படித்தவன் புத்தி அப்படித்தான் போகும் :-)

பிறகு அகராதியைப் புரட்டினால் கதை வேறு. பழைய ஜெர்மனில் அந்த வினைச்சொல்லுக்குக் குடியிருப்பது, நிலத்தைப் பயிர் செய்வது என்றெல்லாம் பொருள். இன்றைக்கும் விவசாயிக்கு 'பாவர்', உழவுக்கு 'ஆக்கர்பாவ்'. ஆக, வயலில் செய்வதும் பாவ், சுரங்கத்தில் செய்வதும் பாவ்!

எனக்கு உடனே ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நான் பேத்தமங்களாக்காரன். அப்பாவுக்குப் பக்கத்திலேயே மைன்ஸில் வேலை. கோலார் தங்கவயல் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதென்ன வயல் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தாது கிடைக்கும் நிலப்பரப்பை 'ஃபீல்ட்' என்பது ஆங்கில வழக்கம். கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 1850களில் தங்கத்துக்கு அடிபிடி நடந்தபோது 'கோல்ட் ஃபீல்ட்ஸ்' எங்கும் பரவிய சொல். நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பி பெங்களூரில் தங்கிய லாவெல் என்கிற அயர்லாந்துச் சிப்பாய்தான் 1875ல் கோலாரில் தோண்ட உரிமம் வாங்கியவர். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. கன்னடத்தில் நேராகச் 'சின்னத கணி', அதாவது தங்கச் சுரங்கம் என்றே சொல்கிறார்கள். நாம்தான் ஃபீல்டை வயலாக்கிவிட்டோம்.

அந்த வயலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தலித் மக்கள். ஊரில் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்கள். வயல் என்று பெயர் வைத்த இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்தார்கள்.

நிஜ வயல் எங்கள் பேத்தமங்களாவில் இருந்தது. பாலாற்று ஏரித் தண்ணீர் குழாயில் தங்கவயலுக்கும் போகும். ஏரி வற்றுகிற வருடங்களில் தாத்தா, "அந்த வயலுக்குப் பாய்ஞ்ச பிறகுதான்டா நம்ம வயலுக்கு" என்பார்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்கப்புறம் எத்தனையோ பேருக்குப் பிழைப்பு விடிகாலை பெங்களூர் ரயில்தான்.

தங்கவயல் என்றால் மஞ்சளாக நெல் விளைந்து நிற்கும் என்று என் மகள் நினைத்திருந்தாள். விடுமுறைக்குப் போனபோது சயனைடு மேட்டைக் காட்டினேன். தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண், குன்று குன்றாக.

"இதுல என்னப்பா விளைஞ்சுது?"

"என் பி.காம்." என்றேன்.