மடக்கு, நீட்டு: மூட்டு அசைவுப் பயிற்சியின் கதை

கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாய் நினைவுக்கு வரும் (2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!). அடுத்து ஹாக்கி. ஆனால் மழையை நம்பிக் கிடக்கும் இந்தக் கரிசல் பூமியில், பல ஆண்டுகள் எத்தனையோ வீடுகளில் உலை கொதிக்க வைத்தது தீப்பெட்டிதான். 1920-களில் சிவகாசியில் தொடங்கிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாமே அப்போது கைவேலை. எத்தனை சட்டம் அடுக்கினார்களோ அத்தனைக்குத்தான் கூலி. வணிகவியல் பாஷையில் சொன்னால், அந்தக் குடும்பங்களின் மூலதனம் பத்து விரல்கள். இயந்திரங்கள் வந்த பிறகு கைவேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் மருந்து மருந்துதான், உரசினால் பற்றிக்கொள்ளும்.

தீக்காயம் ஆறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஆறிய இடத்தில் வரும் தழும்பு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். கரிசல் மண் காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடுகிறதே, அதுபோல. தழும்பு மட்டும் வெடிப்பதில்லை, பக்கத்து மூட்டையே இழுத்து மடக்கிவிடும். வலிக்கு இதமாக இருக்கிறது என்று நோயாளி கையை மடக்கியே வைத்திருப்பார். அந்த இதமான நிலையிலேயே கை இறுகிவிடும். ஒரு வாய் சோறு எடுத்து வாயில் வைக்க முழங்கை சுமார் 130 டிகிரி மடங்க வேண்டும். தட்டை எட்ட வேண்டுமானால் நீளவும் வேண்டும். இரண்டும் போனால் ஊட்டிவிட இன்னொருவர் வேண்டும். குச்சி அடுக்குவது எங்கே?

இதைத் தடுக்க உள்ள வழி கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. மூட்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் தினமும் மடக்கி நீட்ட வேண்டும். நோயாளியே செய்ய முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இன்னொருவர் தாங்கிப்பிடித்து உதவலாம். கை கால் செயலற்றே போயிருந்தால் முழுவதும் இன்னொருவரே அசைத்துவிட வேண்டும். பிசியோதெரபியில் இதற்கு மூட்டு அசைவுப் பயிற்சி என்று பெயர். கோணமானி வைத்து டிகிரிக் கணக்கில் அளந்து எழுதுவார்கள்.

இவ்வளவு எளிய விஷயத்தை மருத்துவ உலகம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. 19-ம் நூற்றாண்டில் லிவர்பூலில் வைத்தியம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ், கெட்டுப்போன மூட்டுக்கு நீண்ட, இடைவிடாத ஓய்வே மருந்து என்றார். அவர் செய்த கால் சிம்பு முதல் உலகப் போரில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது, ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஓய்வு போலியோ குழந்தைகளுக்கும் வந்து சேர்ந்தது. மாதக்கணக்கில் சிம்பு, மாவுக்கட்டு. ஆஸ்திரேலியாவில் முறையான நர்ஸ் படிப்பு இல்லாத எலிசபெத் கென்னி, வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியைச் சுற்றி, கை கால்களை மெதுவாக அசைத்துவிட்டார். அங்கே டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. 1940-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் போன பிறகுதான் அவருக்கு மதிப்பு வந்தது. இந்தியாவில் 1953-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முறையான பிசியோதெரபி பள்ளி தொடங்கியது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் பெரிய அத்தியாயம் வேலூரில் நடந்தது, அதுவும் தொழுநோயாளிகளின் கைகளில். பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் நரம்பு செத்து விரல்கள் பறவைக் கால் போல மடங்கிவிடும். சதையே அழுகிப் போகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. முன்கைத் தசைகள் பல நன்றாகவே வேலை செய்கின்றன என்பதைப் பிராண்ட் கண்டார். நல்ல தசைநாணை எடுத்து விரலுக்கு மாற்றிப் பொருத்தினால் விரல் நிமிரும். 1940-களின் கடைசியில் அதைச் செய்தும் காட்டினார்.

ஆனால் இறுகிப்போன மூட்டில் எந்த நாணைப் பொருத்தினாலும் பயன் இல்லை. ஆகவே அறுவைக்கு முன்பே மெழுகு ஒத்தடம், எண்ணெய் தடவி நீவிவிடுதல், நாள்தோறும் மடக்கி நீட்டுதல். அறுவைக்குப் பின் கட்டுப் பிரித்ததும் மறுபடி அதே வேலை. உணர்ச்சியற்ற கை என்பதால் அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே கிழிந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. எனவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பெயர் வாங்கியது கத்தி, பாதி வேலை பார்த்தது பயிற்சி என்றே சொல்லலாம்.

அங்கேயே இன்னொருவர், டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் அவர் முயற்சியில் மறுவாழ்வு நிலையம் உருவானது.

சரி, வேலூர் எங்கே, கோவில்பட்டி எங்கே! பஸ்ஸில் போனால் ஒரு நாள் போய்விடும். பயிற்சியோ தினமும் செய்ய வேண்டியது. கூலிக்குப் போகிறவர் வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தெற்கிலேயே, தென்காசி பக்கம் ஆய்க்குடியில் கிடைத்தது. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். 1975-ல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தார். ராணுவ மருத்துவமனையில் தனக்குத் தெம்பு கொடுத்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில் 1981-ல் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். தசைச்சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமனும் பின்னர் வந்து சேர்ந்தார். கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் கூட இருந்தால் அமைப்பு எப்படி நிலைக்கும் என்பதற்கு வணிகவியல் மாணவர்கள் இதைப் பாடமாகவே படிக்கலாம்! 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அங்கே கிராமத்துப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் குழந்தையின் கையைத் தாங்கிப்பிடித்து, எந்த இடம் வரை மடக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அம்மாவிடமும் பாட்டியிடமும் காட்டித் தருகிறார்கள். அடுத்த முறை வரும் வரை, தினமும் மடக்கி நீட்டுவது அந்த அம்மாவும் பாட்டியும்தான்.