625 மாத்திரைக்குள்ள என்னதான் இருக்கு?

1/ சளி பிடிச்சா நேரா மெடிக்கலுக்குப் போய், "அண்ணே, ரெண்டு 625 குடுங்க"ன்னு வாங்கிப் போடுறவங்க நம்மள்ல நிறைய பேர். அந்த 625 என்ன கணக்கு தெரியுமா? 500 மி.கி. அமாக்சிசிலின், 125 மி.கி. கிளாவுலானிக் அமிலம். முதல் ஆள்தான் கிருமியைக் கொல்றவர். ரெண்டாவது ஆள் தனியா நின்னா பெருசா எதையும் கொல்லமாட்டார். அப்புறம் அவர் எதுக்கு? வாங்க, 1928ல இருந்து பார்ப்போம்.

2/ அந்த வருஷம் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில, ஃபிளெமிங் கிருமி வளர்த்த தட்டுல தவறுதலா பூஞ்சை வளர்ந்துச்சு. அதைச் சுத்தி இருந்த கிருமிகள் அழிஞ்சிருந்துச்சு. பூஞ்சை சுரந்த அந்தப் பொருளுக்கு அவர் வச்ச பேர்தான் பென்சிலின்.

3/ 1941 பிப்ரவரி, ஆக்ஸ்ஃபோர்டு. ஆல்பர்ட் அலெக்சாண்டர்ங்கிற போலீஸ்காரருக்கு முகமெல்லாம் சீழ். பென்சிலின் போட்ட சில நாள்லயே தேறினார். ஆனா கையிருப்பு தீர்ந்துபோச்சு. அவரோட சிறுநீர்ல இருந்துகூட மருந்தைப் பிரிச்செடுத்து மறுபடி ஏத்தினாங்க. போதலை. தொற்று திரும்ப வந்து, மார்ச்ல இறந்துட்டார்.

4/ இன்னொரு விஷயம். அவருக்கு மருந்து போடுறதுக்கு முன்னாடியே, 1940லயே, ஆபிரகாமும் செயினும் ஒண்ணு கண்டுபிடிச்சிருந்தாங்க: பென்சிலினையே சிதைக்கிற நொதி சில பாக்டீரியாகிட்ட இருக்கு!

5/ பென்சிலின் எப்படி வேலை செய்யுது? பாக்டீரியாவைச் சுத்தி ஒரு சுவர் உண்டு. அதைக் கட்டுற கொத்தனார் மாதிரி சில நொதிகள். பென்சிலினோட 'பீட்டா லாக்டம்' வளையம் அந்தக் கொத்தனார் கையைப் பிடிச்சுக்கும். சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடிச்சுடும். நம்ம செல்லுக்கு அந்தச் சுவர் கிடையாது. வைரஸுக்கும் கிடையாது. சாதாரண சளி வைரஸால வர்றது. இப்ப புரியுதா, சளிக்கு 625 ஏன் வேலை செய்யாதுன்னு?

6/ 1957ல இங்கிலாந்தின் பீச்சம் கம்பெனி, பென்சிலினோட மூலக்கருவைத் தனியாப் பிரிச்சது. அதுல இருந்து புதுப்புது பென்சிலின்கள் வந்துச்சு. 1970கள்ல வந்த அமாக்சிசிலின் அதுல ஒண்ணு. வயித்துல நல்லா உறிஞ்சப்படும். ஆனா அந்தப் பழைய எதிரி நொதி, இதோட வளையத்தையும் வெட்டிடும்.

7/ விடை மண்ணுல வாழுற இன்னொரு பாக்டீரியாகிட்ட இருந்துச்சு: ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ். அது சுரக்கிறதுதான் கிளாவுலானிக் அமிலம். அது பலிகடா மாதிரி போய் வெட்டுற நொதிகிட்ட மாட்டி, அதையும் செயலிழக்க வச்சுடும். அந்த இடைவெளியில அமாக்சிசிலின் தன் வேலையை முடிச்சுடும். 1981ல இந்த ஜோடி பிரிட்டனில் விற்பனைக்கு வந்துச்சு.

8/ ஆனா எல்லா எதிர்ப்பையும் இது சமாளிக்காது. இந்த ஜோடிக்கும் மசியாத கிருமிகள் இன்னைக்கு இருக்கு. 1945 நோபல் உரையிலேயே ஃபிளெமிங் எச்சரிச்சார்: யார் வேணா கடையில வாங்குற காலம் வரும், அளவு குறைச்சுப் போட்டா கிருமி பழகிக்கும்னு.

9/ அலெக்சாண்டருக்கு மருந்து கிடைக்காம பாதியில நின்னுச்சு. நமக்குத் தெருமுனையிலேயே கிடைக்குது. தேவையில்லாம போடாதீங்க. டாக்டர் எழுதிக் கொடுத்தா, சொன்ன அளவு, சொன்ன நாள் போடுங்க. பென்சிலின் அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லிடுங்க.