ஈஸ்டிலிருந்து இரைப்பைவரை

இரத்தக் கசிவை நிறுத்தும் ஒரு ஜெல்லுக்கு, ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்டில்தான் பூர்வீகம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், அலெக்சாண்டர் ரிச்சின் ஆய்வகத்தில், இடப்பக்கமாக முறுக்கிய டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைத் தேடிக்கொண்டிருந்தார் ஷுகுவாங் ஜாங். கிடைத்த ஈஸ்ட் புரதத்தில் ஒரு துண்டு விநோதமாக இருந்தது. 16 அமினோ அமிலங்கள். அவையும் சொன்னதையே திரும்பச் சொல்லும் வரிசையில்.

அந்தத் துண்டை மட்டும் செயற்கையாகச் செய்துகொள்வது அப்போது பெரிய காரியமில்லை. முதல் அமினோ அமிலத்தைப் பிசின் மணியில் பிணைத்துவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கோர்க்கும் வித்தையை 1963-இலேயே புரூஸ் மெரிஃபீல்டு காட்டியிருந்தார். அதற்கு 1984-இல் நோபல் பரிசும் வந்தது. துண்டு செல்களுக்கு நஞ்சாகுமா என்று பார்க்க வளர்ப்புத் தட்டில் விட்டார் ஜாங். தட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மெல்லிய சவ்வு படர்ந்திருந்தது! கரைசலிலிருந்த உப்பு பட்டதும் பெப்டைடுகள் என்ற இந்த அமினோ அமிலத் துண்டுகள் தாமாகவே பின்னிக்கொண்டிருந்தன.

அந்தத் துண்டின் தங்கைதான் ராடா-16. அர்ஜினைன், அலனைன், அஸ்பார்டிக் அமிலம், மறுபடி அலனைன். இந்த நால்வர் அணி நான்கு முறை. அர்ஜினைனுக்கு நேர்மின்னேற்றம், அஸ்பார்டிக்குக்கு எதிர்மின்னேற்றம், அலனைனுக்குத் தண்ணீரே ஆகாது. சிரிஞ்சில் அமிலக் கரைசலாக இருக்கும்வரை வழிந்தோடும். இரத்தம் பட்டதும் நுண்ணிழைகள் பின்னி ஜெல்லாக இறுகிவிடும்.

2006-இல் பெரிய செய்தி வந்தது. பார்வை நரம்புப் பாதை வெட்டப்பட்ட ஹாம்ஸ்டர்களின் மூளையில் இதைச் செலுத்தியபோது நரம்பிழைகள் வெட்டைத் தாண்டி வளர்ந்தன, பார்வையும் ஓரளவு மீண்டது என்றது எல்லிஸ்-பென்கே என்பவரின் ஆய்வுக் குழு. ஆனால் மனிதரிடம் இதற்குக் கிடைத்த வேலை, அதே குழு அதே ஆண்டில் சொன்ன இன்னொன்று: சில நொடிகளில் இரத்தக் கசிவை நிறுத்துவது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. சின்ன வேலை என்பதால்தான் சோதித்துப் பார்க்க முடிந்தது.

ஜப்பானிய நிறுவனம் ஒன்று ‘ப்யூராஸ்டாட்’ என்ற பெயரில் ஐரோப்பாவில் 2014-இலும், அமெரிக்காவில் 2021-இலும் அனுமதி வாங்கியது. இரைப்பையில் கசியும் இடத்தில் என்டோஸ்கோப் வழியாக இதைப் பூசுகிறார்கள். நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் பெப்டைடு, மற்றதெல்லாம் தண்ணீர். ஜெல் தெளிவாக இருப்பதால் அடியிலுள்ள இரத்தக்குழாய் மருத்துவர் கண்ணுக்கு மறைவதில்லை.

பெப்டைடு என்றாலே காயம் ஆற்றும் என்று இணையத்தில் விற்கப்படும் பி.பி.சி-157 இந்தச் சோதனை, அனுமதிப் பாதையில் வரவில்லை. அதற்கான சான்றுகள் பெரும்பாலும் எலிகளோடு நிற்கின்றன. 2022 முதல் விளையாட்டு வீரர்களுக்குத் தடையும் உண்டு. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டிய குப்பியை உடம்பில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.