பைக்காரா போகும் வழியில் ஒரு பிலிம் ஃபேக்டரி

போன டிசம்பரில் வகுப்போடு ஊட்டி டூர். பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், வர்க்கி, சாக்லேட் என்று எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். அதையெல்லாம் எழுதி உங்களைப் போரடிக்க மாட்டேன்.

பைக்காரா போகும்போது கூடலூர் ரோட்டில் புதர் மண்டிய பெரிய வளாகம் ஒன்று தெரிந்தது. "என்னண்ணே இது?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"இந்து கம்பெனி தம்பி. பிலிம் ஃபேக்டரி. எங்க மாமா அங்கதான் இருந்தாரு. இருட்டுலயே வேலை."

ஊருக்கு வந்ததும் தேடிப் படித்தேன். முழுப் பெயர் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் மத்திய அரசு தொடங்கியது. 1967-ல் உற்பத்தி ஆரம்பம். தொழில்நுட்பம் பிரான்ஸிலிருந்து. பிராண்டின் பெயர் 'இந்து', அதாவது நிலா. கறுப்பு வெள்ளை பிலிம், சினிமா பிலிம், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இங்கே தயாரானவை.

ஏன் ஊட்டி? பிலிம் மேல் பூசும் வெள்ளி உப்புக் கலவையில் ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளி விழும். அதனால் சுத்தமான காற்றும் குளிரும் வேண்டும். நாம் எதற்காக ஊட்டிக்குப் போகிறோமோ, அரசாங்கமும் அதற்காகத்தான் போயிருக்கிறது! வெளிச்சம் பட்டால் பிலிம் வீண். ஆகவே பூசுவது, வெட்டுவது, பெட்டியில் அடைப்பது எல்லாம் இருட்டில். வெளியே ஊரே வெயிலில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, உள்ளே இவர்கள் கையால் தடவித் தடவி வேலை பார்த்திருக்கிறார்கள்.

"செல்போன் வந்துச்சு, பிலிம் செத்துச்சு" என்றான் பக்கத்து சீட் நண்பன். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வருஷக் கணக்கு இடிக்கிறது. நம் பாடத்தில் வருமே, சேர்ந்த நஷ்டம் நிகர மதிப்பையே விழுங்கிவிட்டால் 'நலிந்த நிறுவனம்' என்று? 1990-களின் நடுவிலேயே இந்தக் கம்பெனி அந்தப் பட்டியலில். அப்போது நம் ஊரில் டிஜிட்டல் கேமராவை யார் பார்த்தது?

கலர் பிலிம் வந்தபோது இவர்களிடம் சொந்தத் தயாரிப்பு இல்லை. பெரிய சுருளாக இறக்குமதி செய்து வெட்டி விற்றார்கள். பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்காகப் பெரும் கடன் வாங்கிப் புது பிளான்ட் போட்டார்கள். 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைய, வெளிநாட்டு பிலிம் மலிவாகக் குவிந்தது. கடன் மட்டும் நின்றது. கடைசி வருஷங்களில் விற்பனை சொற்பம். காகிதத்தில் நஷ்டமோ வருஷத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல். அதில் பெரும்பங்கு வட்டிக்கு வட்டி. வேலை செய்தவர்களைக் குறை சொல்ல அந்தக் கணக்கில் எனக்கு எதுவும் தென்படவில்லை.

2014-ல் மத்திய அமைச்சரவை மீதமிருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க ஒப்புதல் தந்தது. வேறு வழியில்லாதபோது அதற்கு ஏன் 'விருப்ப' என்று பெயரோ!

டிரைவரிடம், "மாமா இப்ப என்ன பண்றாருண்ணே?" என்று கேட்டேன்.

"சீசனுக்கு வீட்டு மாடியை டூரிஸ்ட்டுக்கு விடுறாரு தம்பி."