பல்லாங்குழிக்கு உரிமையாளர் யார்?

விளையாட்டு ஒன்றுக்கு உரிமையாளர் இருக்க முடியுமா? நாஞ்சில் நாட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இக்கேள்வியே வேடிக்கையாகத் தோன்றும். பலகை பாட்டி காலத்தது; மஞ்சாடிக்குரு மரத்தடியில் பொறுக்கியது; ஆட்டத்தையோ எவரும் எவரிடமிருந்தும் விலைக்கு வாங்கியதில்லை. ஆனால் கடல் கடந்த நாடுகளில் இந்த ஆட்டத்தின் உறவுக்காரர் ஒருவருக்கு எண்ணிட்ட காப்புரிமைப் பத்திரம் உண்டு. தாயத்தின் உறவுக்காரருக்கும் உண்டு. இந்தப் பத்திரங்கள் நம்மிடமிருந்து எதையேனும் பறித்துக்கொண்டனவா, அல்லது நாம் கவனிக்காத வேறொன்று நம் கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரிமை குறித்த வழக்காடல் இம்மண்ணுக்குப் புதிதன்று. தோவாளையும் அகத்தீசுவரமும் அடங்கிய நாஞ்சில் நாட்டில், தந்தையின் சொத்து மகனுக்குப் போகாமல் உடன்பிறந்தாள் மகனுக்குப் போகும் மருமக்கள்வழி முறை நெடுங்காலம் நிலவியது. அம்முறையால் குடும்பங்கள் பட்ட பாட்டைத் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று நகைச்சுவை நூலாக்கினார். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தை இயற்றிய பிறகே அந்த வழக்குக்கு ஒரு தீர்வு பிறந்தது. வயலும் வீடும் யாருக்கு என்பதில் இத்தனை சண்டை நடந்த நாட்டில், பல்லாங்குழி மட்டும் தாயிடமிருந்து மகளுக்கும் பாட்டியிடமிருந்து பேத்திக்கும் சண்டையின்றிக் கைமாறி வந்தது. பங்கு போட்டாலும் குறையாத சொத்துக்கு வழக்கு எதற்கு?

குழியும் முத்தும்

ஆட்டத்தை மறந்துபோன நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இரு வரிசையாக 14 குழிகள். குழிக்கு 5 முத்துகள் வைத்தால் மொத்தம் 70. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். தோற்றவர் மறு ஆட்டத்தில் தம்மிடம் உள்ள முத்துகளால் நிரம்பும் குழிகளை மட்டுமே ஆளலாம். பேராசிரியர் தொ.பரமசிவன் பல்லாங்குழி பற்றி எழுதிய கட்டுரையில், சமமாகத் தொடங்கும் இவ்வாட்டம் ஒருவர் கையில் எல்லாம் குவிந்து முடிவதைச் சுட்டி, தனிச்சொத்துரிமையின் தோற்றத்தோடு அதை இணைத்துப் பார்த்தார். தனிச்சொத்தைப் பற்றிப் பேசும் ஆட்டம் யாருடைய தனிச்சொத்தாகவும் இல்லாமல் இருந்தது என்பதுதான் இதில் சுவை.

இவ்வாட்டக் குடும்பம் ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரவியுள்ளது. ஆய்வாளர்கள் 'மங்களா' என்னும் அரபுப் பெயரால் இக்குடும்பம் முழுவதையும் குறிப்பது வழக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் என்பவர் இதிலிருந்து ஓர் ஆட்டத்தை வடித்தெடுத்தார். பக்கத்துக்கு ஆறு குழிகள். இரு முனைகளிலும் வென்ற முத்துகளைச் சேர்க்கும் பெரிய குழிகள். 'கலாஹ்' என்று பெயரிட்டு, 1950களில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

தாயத்தின் கதையும் இப்படித்தான். வடநாட்டுப் பச்சீசி 'பார்ச்சீசி' என்னும் பெயரில் 1874இல் அமெரிக்காவில் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. அதே ஆட்டம் எளிமையாக்கப்பட்டு, 1896இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரெட் காலியர் என்பவரின் காப்புரிமையுடன் 'லூடோ' ஆயிற்று. ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும் என்னும் தாயத்தின் விதி, அங்கே ஆறு விழுந்தால்தான் இறங்கும் என்று மாறியது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடிய பரமபதம், விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பாம்பும் ஏணியுமாக விற்பனைக்கு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் படிக்கும்போது சினம் எழுவது இயல்பு. ஆயினும் காப்புரிமை என்பது என்ன என்று முதலில் தெளிவோம். அது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையிலான ஒரு பேரம். 'நீ கண்டதை மறைக்காமல் எழுதிக் கொடு. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமையை உனக்குத் தருகிறேன். காலம் முடிந்ததும் அது ஊருக்குப் பொது' என்பதே அதன் சாரம். இந்தியாவில் இப்பேரம் 1856இல் தொடங்கியது. அவ்வாண்டில் கல்கத்தாவின் ஜார்ஜ் ஆல்ஃபிரெட் டிபென்னிங் என்பவர் விண்ணப்பித்த முதல் கண்டுபிடிப்பு, கூரையில் தொங்கும் பங்கா விசிறியை இழுக்கும் ஒரு பொறி! பிரிட்டிஷ் இந்தியாவின் அந்தச் சட்டம் சமஸ்தானங்களுக்குச் செல்லாது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூரில் இருந்தது.

சாம்பியனின் காப்புரிமை சாம்பியன் அமைத்த பலகைக்கும் முறைக்கும் உரியது. அக்கால அமெரிக்கச் சட்டப்படி, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகளே அதன் ஆயுள். அது முடிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. நம் வீட்டுப் பலகையை எவரும் எந்நாளும் தடுத்ததில்லை. இந்தியச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 2002இல் திருத்தப்பட்டு 2003 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விளையாடும் முறை எதுவும் கண்டுபிடிப்பாகக் கருதப்படாது. அதற்குக் காப்புரிமை கிடையாது. மரபறிவாக இருந்துவரும் ஒன்றுக்கும் கிடையாது.

அப்படியானால் ஊர் ஆட்டம் ஒருவர் பெயரில் பதிவாவதே இல்லையா? பதிவாகியிருக்கிறது. அமெரிக்கப் பெண்மணி லிஸ்ஸி மகீ, நிலவுடைமையின் தீமையை விளக்க ஓர் ஆட்டத்தை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். மக்கள் அதைக் கையால் வரைந்து, தத்தம் ஊர்த் தெருப் பெயர்களை எழுதி, முப்பது ஆண்டுகள் ஆடினர். நண்பர்கள் வழியாக அதைக் கற்ற சார்லஸ் டாரோ, 'மோனோபோலி' என்ற பெயரில் 1935இல் தம் பெயருக்குக் காப்புரிமை பெற்றுப் பெருஞ்செல்வரானார். மகீ 1924இல் பெற்ற இரண்டாம் காப்புரிமையை விளையாட்டு நிறுவனம் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. 1970களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர் வணிகக் குறி வழக்கில் சிக்கியபோதுதான், பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் கையால் வரைந்த பலகைகளைச் சான்றாக வைத்து, உண்மையான வரலாற்றை வெளிக்கொணர்ந்தார். கையால் வரைந்த அந்தத் துணிகளும் காகிதங்களும் பரணில் கிடந்திராவிட்டால் மகீயின் பெயர் மறைந்தே போயிருக்கும்.

நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில்துறை ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடியது. 1997இல் அது நீக்கப்பட்டது. 'எங்கள் பாட்டிக்குத் தெரியும்' என்ற சொல் அங்கே எடுபட்டிருக்காது. பழைய நூல்களும் ஆய்விதழ்களும் மேசைமீது வைக்கப்பட்டதால்தான் வழக்கு வென்றது. எழுத்தில் இருந்தது காத்தது.

கணினியின் குழிகள்

இனிக் கணினியின் நினைவகத்துக்கு வருவோம். இது பாதை மாறிய பேச்சன்று. ஏனெனில் கலாஹ் ஆட்டம் கணினிக்குள்ளும் நுழைந்தது. 1960களில் செயற்கை அறிவை ஆய்ந்தவர்கள், கணினிக்கு ஆடக் கற்பிப்பதற்கு ஏற்ற ஆட்டமாக அதை எடுத்துக்கொண்டனர்.

அக்காலக் கணினிகளின் நினைவகம் கண்ணால் காணக்கூடியது. சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்து வலைபோல் ஆக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு குழி; அதில் ஒரு முத்து இருக்கும் அல்லது இராது. ஆன் வாங் 1949இல் விண்ணப்பித்து 1955இல் பெற்ற காப்புரிமை, இதிலிருந்த ஒரு பெருஞ்சிக்கலைத் தீர்த்தது. வளையத்தில் உள்ளதைப் படித்தால் அது அழிந்துவிடும். பல்லாங்குழியில் அள்ளினால் குழி வெறுமையாவதைப் போன்றதே இது. 'அழியட்டும், படித்த உடனே திரும்ப எழுதிவிடலாம்' என்றார் வாங். வளையங்களை வலையாக அடுக்கி, எந்த வளையத்தையும் நேராகச் சென்றடையும் அமைப்புக்கு ஜே ஃபாரஸ்டர் 1956இல் காப்புரிமை பெற்றார். வாங்கின் உரிமையை ஐ.பி.எம். நிறுவனம் 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஃபாரஸ்டரின் காப்புரிமைக்காக 1964இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்தது.

ஆனால் அந்த வளையங்களைக் கண்வலிக்கக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எந்தப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் இல்லை. தோவாளையில் பூக்கட்டும் கைகளை அறிந்தவர்களுக்கு அந்த வேலையின் நுணுக்கம் விளங்கும். அத்தோவாளையின் மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காப்புரிமை ஒருவரின் புதுமைக்குத் தரப்படுவது. புவிசார் குறியீடு ஓர் ஊரின் பழமைக்குத் தரப்படுவது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் சென்னபட்டண மரப்பொம்மைக்கும் அது உண்டு. பொம்மையும் மாலையும் கைக்குப் பிடிபடும் பொருள்கள். ஆட்டத்தின் விதிக்கு அந்த வாயிலும் இல்லை.

காந்த வளையங்களுக்குப் பின் வந்தது, ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற நினைவகம். இன்று நம் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் இருப்பது அதன் வழிவந்ததே. ஒவ்வொரு துளித் தகவலும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். நொடியின் சிறு பகுதிக்குள் மீண்டும் படித்து மீண்டும் எழுதாவிட்டால் அழிந்துவிடும். ஓயாமல் புதுப்பித்தால் மட்டுமே நிலைக்கும் நினைவு அது.

வாய்வழி மரபும் அத்தகையதே. ஒரு தலைமுறை ஆடாவிட்டால் ஆட்டம் கசிந்துவிடும். பாவாணர் போன்றோர் பல்லாங்குழியின் சில வகைகளை எழுதி வைத்தனர், அவை பிழைத்தன. நாஞ்சில் நாட்டின் நாட்டார் கலைகளை அ.கா.பெருமாள் போன்றோர் பல்லாண்டு உழைத்து ஆவணப்படுத்தினர், அவையும் பிழைத்தன. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்த தனித்த விதிகள், பனங்காய் வண்டிக்கு அச்சு பூட்டும் முறை, ஓலைக் காற்றாடியின் மடிப்பு, கிலுகிலுப்பையின் பின்னல் ஆகியவை எத்தனை பேரிடம் எழுத்தில் உள்ளன? இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் 'மங்களா' ஆடும்போது, பெரும்பாலும் அவர்கள் ஆடுவது சாம்பியனின் விதிகளைத்தான். சாம்பியன் திருடியதால் இப்படி நேரவில்லை. அவர் எழுதி வைத்தார். நாம் எழுதி வைக்கவில்லை.

எனவே காப்புரிமை அலுவலகத்திடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் பத்திரத்தில் பொத்தாம்பொதுவான பேச்சுக்கு இடமில்லை. அத்துறையறிந்த ஒருவர் படித்துவிட்டுத் தாமே செய்துபார்க்கும் அளவுக்கு விளக்கம் இருந்தாக வேண்டும். அந்தக் கண்டிப்போடு நம் ஆட்டங்களை எழுதுவோம். குழிகள் எத்தனை, முத்து எது, எத்தனை, எந்தத் திசையில் இடுவது, பசுவை யார் எடுப்பது, தோற்றவருக்கு என்ன சலுகை, ஒவ்வொன்றுக்கும் ஊரில் வழங்கும் சொல் எது, எந்த ஊரில் எந்த ஆண்டில் யாரிடம் கேட்டது என்று குறித்து, படம் வரைந்து, பொதுவில் வெளியிடுவோம். அப்படி வெளியானதை நாளை எவரும் தம் புதுமை என்று சொல்லிக்கொள்ள இயலாது. அதைவிட முக்கியமாக, நாளைய பேத்தி ஒருத்தி அதைப் படித்துவிட்டுப் பலகையை எடுத்து ஆட முடியும்.

தோவாளை முதல் விளவங்கோடு வரை அவரவர் வீட்டுப் பரணில் பலகை கிடக்கும். ஆடத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் ஒருவரிடமேனும் கேட்டு எழுதிவிடுவோம்.